பறிபோன பந்தை மீட்டுத் தந்த மார்கிரட் வேட்

கூடைப்பந்தாட்டம் பெண்களின் உடலுக்கு ஒவ்வாது என்று கூறி, அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்திலுள்ள ஒரு கல்லூரி 1932 ஆம் ஆண்டில் தனது பெண்கள் அணியைக் கலைத்தது. அவ்வணியின் தலைவியாக இருந்த மாணவிக்கு அப்போது வயது பத்தொன்பது. நாற்பத்தொரு ஆண்டுகளின் பின்னர், 1973 இல், அதே கல்லூரி தன் பழைய மாணவியான அவரிடமே வந்து, பெண்கள் அணியை மீண்டும் உருவாக்கித் தருமாறு கேட்டுக்கொண்டது. அப்போது அவருக்கு வயது அறுபது. அடுத்த நான்கு பருவகாலங்களுக்குள் அந்தச் சிறிய கல்லூரி அமெரிக்கத் தேசியச் சம்பியன் பட்டத்தைத் தொடர்ந்து மூன்று தடவை வென்றது.

மார்கிரட் வேட் என்பது அவரது பெயர். இன்றைய கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தின் தாய் என்று அமெரிக்க விளையாட்டுலகம் அவரைப் போற்றுகிறது. எம்மில் பலருக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்கலாம். ஆனால் அவர் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்த இடங்கள் எமக்குப் புதியவை அல்ல. ஒரு வகுப்பறை, ஒரு பாடசாலை மைதானம், மணி அடித்த பின்னரும் பிள்ளைகளோடு நின்றுவிடும் ஓர் ஆசிரியை. நூறாண்டு காணும் எமது கல்லூரியின் மலரில் அவர் கதையைச் சொல்ல விரும்பியதன் காரணமும் அதுவே.

நாம் ஆடிய பந்தும் அவர் ஆடிய பந்தும்

எமது கல்லூரி மைதானத்தில் நாம் ஆடியது பெரும்பாலும் வலைப்பந்தாட்டம்தான். கோல் சூட்டர், சென்ரர், விங் டிபென்ஸ் என்று எழுத்துப் பொறித்த துண்டைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாண்டக்கூடாத கோட்டின் ஓரத்தில் துடித்துக்கொண்டு நின்றதை எவரும் மறந்திருக்க மாட்டோம். அந்தக் கோடுகளுக்கும் மார்கிரட் வேட்டின் கதைக்கும் ஒரே வேர் உண்டு.

கூடைப்பந்தாட்டம் 1891 டிசெம்பரில் மசாசூசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரில் பிறந்தது. குளிர்காலத்தில் வெளியே விளையாட முடியாத இளைஞர்களுக்காக ஜேம்ஸ் நைஸ்மித் என்ற ஆசிரியர் அதை உருவாக்கினார். அங்கிருந்து அதிக தூரமில்லாத நோர்தம்டன் நகரில் சிமித் பெண்கள் கல்லூரி இருந்தது. அங்கு உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த செண்டா பெரன்சன் அம்மையார் இவ்விளையாட்டைப் பற்றி வாசித்தறிந்து தம் மாணவிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். 1893 மார்ச் மாதத்தில் அக்கல்லூரியின் இரு வகுப்பு மாணவிகள் மோதிக்கொண்ட போட்டி பெண்கள் கூடைப்பந்தாட்ட வரலாற்றில் முக்கியமானது. அதைப் பார்வையிட ஆண்களுக்கு அனுமதி இருக்கவில்லை.

பெரன்சன் அம்மையார் ஆடுகளத்தை மூன்றாகப் பிரித்தார். தன் பகுதியை விட்டு எவரும் வெளியேறக்கூடாது, பிறர் கையிலுள்ள பந்தைப் பறிக்கக்கூடாது, பந்தை மூன்று செக்கனுக்கு மேல் வைத்திருக்கக்கூடாது என்றெல்லாம் விதித்தார். பெண்கள் முரட்டுத்தனமாக ஆடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தால் ஆட்டமே நின்றுவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதே காலத்தில் இங்கிலாந்துக்குச் சென்ற கூடைப்பந்தாட்டம் அங்கே வலைப்பந்தாட்டமாக உருமாறியது. 1901 இல் அதற்கென விதிகள் அச்சாகின. பின்னர் அது பிரித்தானிய ஆட்சியின் வழியே எமது பாடசாலைகளுக்கும் வந்து சேர்ந்தது. மூன்றாகப் பிரிந்த களமும் தாண்டக்கூடாத கோடும் அந்தத் தலைமுறை ஆசிரியைகள் எமக்கு விட்டுச்சென்றவை.

அமெரிக்காவிலோ அந்தக் கோடுகளால் மட்டும் ஆட்டத்தைக் காப்பாற்ற முடியவில்லை.

பருத்தி நிலத்துப் பிள்ளை

மார்கிரட் வேட் 1912 ஆம் ஆண்டு டிசெம்பர் 30 ஆம் திகதி மிசிசிப்பி மாநிலத்தின் மக்கூல் என்ற சிற்றூரில் பிறந்தார். அம்மாநிலத்தின் வடமேற்கில் மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் இடையே கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடுபள்ளமின்றிக் கிடக்கும் வண்டல் நிலத்தை டெல்ரா என்று அழைப்பர். பருத்தி விளையும் பூமி அது. அதன் நடுவேயுள்ள கிளீவ்லண்ட் நகரில் 1925 இல் டெல்ரா ஸ்ரேற் ஆசிரியர் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கேதான் வேட் உயர்கல்வி கற்றார்.

அக்காலத்தில் மிசிசிப்பியின் கிராமப் பாடசாலைகளிலும் சிறிய கல்லூரிகளிலும் பெண்கள் கூடைப்பந்தாட்டம் செல்வாக்குடன் விளங்கியது. டெல்ரா ஸ்ரேற் அணியில் வேட் மூன்று பருவகாலங்கள் ஆடினார். அந்த மூன்று ஆண்டுகளில் அணி 28 போட்டிகளில் வென்று, 5 இல் தோற்று, 2 இல் சமநிலை கண்டது. அணித் தலைவி என்ற பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. நான்காம் ஆண்டும் ஆடியிருப்பார். அதற்குள் அணி இல்லாமற் போயிற்று.

அக்கறையின் பெயரால்

பெண்கள் விளையாட்டை நிறுத்தியவர்கள் எல்லோரும் பெண்களை வெறுத்தவர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. அவர்களுள் பலர் பெண்களே. அதிலும் படித்த, நல்லெண்ணம் கொண்ட உடற்கல்வி ஆசிரியைகள். 1923 இல் அமெரிக்கத் தேசிய அமைப்பொன்றின் பெண்கள் பிரிவு லூ ஹென்றி ஹூவர் அம்மையாரின் தலைமையில் உருவாயிற்று. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ஹேர்பேர்ட் ஹூவரின் துணைவியார் அவர். சிலரை மட்டும் வீராங்கனைகளாக்கும் போட்டியை விட எல்லாப் பெண் பிள்ளைகளும் விளையாடுவதே மேல் என்பது அப்பிரிவின் கொள்கை. நுழைவுச்சீட்டு விற்றுக் கூட்டம் சேர்ப்பதையும், பிள்ளைகளை வைத்துப் பிறர் பணம் பண்ணுவதையும் அவர்கள் எதிர்த்தார்கள். அதில் நியாயம் இருந்தது.

ஆனால் அந்த நியாயத்தோடு வேறொன்றும் கலந்திருந்தது. கடும் போட்டி பெண்ணின் நரம்புகளைப் பாதிக்கும், தாய்மைக்குக் கேடு செய்யும், அவளது நளினத்தைக் குலைக்கும் என்ற நம்பிக்கை அது. அந்நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை. ஆயினும் கல்லூரி நிர்வாகங்கள் அதை ஏற்றுக்கொண்டன. நாடெங்கும் பல கல்லூரிகளில் பெண்களுக்கான கல்லூரிகளிடைப் போட்டிகள் நிறுத்தப்பட்டன. பதிலுக்கு விளையாட்டு நாள் என்ற ஒன்று வந்தது. பல கல்லூரிகளிலிருந்து வந்த மாணவிகளைக் கலந்து அணிகளாகப் பிரித்துச் சற்று நேரம் ஆடவிடுவார்கள். பின்னர் தேநீரும் சிற்றுண்டியும் கொடுத்து அனுப்பிவைப்பார்கள். தன் கல்லூரிக்காக ஆடுவது என்ற ஒன்றே அங்கு இருக்காது.

டெல்ரா ஸ்ரேற் கல்லூரியும் 1932 இல் அதே வழியைப் பின்பற்றியது. கூடைப்பந்தாட்டம் இளம் பெண்களுக்கு மிகக் கடுமையானது என்பது சொல்லப்பட்ட காரணம். வேட்டும் தோழியரும் அழுதார்கள். பின்னர் தம் விளையாட்டுச் சீருடைகளை ஒன்றாகக் குவித்துத் தீ வைத்தார்கள். அந்த மாணவிகளால் வேறொன்றும் செய்திருக்க முடியாது. மனு எழுதிப் பயனில்லை, வழக்குத் தொடுக்கச் சட்டமும் இல்லை. அடுத்த ஆண்டு, 1933 இல், வேட் பட்டம் பெற்று வெளியேறினார்.

கிண்ணம் வராத ஆண்டுகள்

கல்லூரி வாசல் மூடிய பின்னர் வேட் ருப்பேலோ நகரின் றெட் விங்ஸ் என்ற அரைத் தொழில்முறை அணியில் சில காலம் ஆடினார். அத்தோடு ஆசிரியத் தொழிலிலும் இறங்கினார். 1935 இல் கிளீவ்லண்ட் உயர்நிலைப் பாடசாலையின் பெண்கள் அணிக்குப் பயிற்றுநரானார். கல்லூரிகளில் தடைப்பட்ட ஆட்டம் பாடசாலைகளில் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது. பெண் பிள்ளை பதினேழு வயது வரை ஆடலாம், பட்டப்படிப்புக்குப் போனதும் ஆடக்கூடாது என்ற விசித்திர நிலை அது. தான் பயிற்றுவிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இறுதி வகுப்போடு ஆட்டம் முடிந்துவிடும் என்று தெரிந்துகொண்டே அவர் அவர்களைப் பயிற்றுவித்தார்.

1954 வரை அப்பணி தொடர்ந்தது. அவரது அணி 453 போட்டிகளில் வென்றது. தோற்றவை 89, சமநிலை 6. மாநில இறுதிப் போட்டி வரை சென்றதும் உண்டு. சம்பியன் கிண்ணம் மட்டும் வந்து சேரவில்லை. இந்த ஆண்டுகளோடு அவர் ஓய்வு பெற்றிருந்தால், கிளீவ்லண்ட் நகருக்கு வெளியே அவரை எவரும் நினைத்திருக்க மாட்டார்கள். எந்தப் பாடசாலையிலும் இத்தகைய ஆசிரியர் ஒருவராவது இருப்பார். கௌரவப் பலகையில் அணித் தலைவியரின் பெயர்கள் பொன்னெழுத்தில் மின்னும். அவர்களை வெயிலில் நிறுத்தி எறியவும் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தவரின் பெயர் அப்பலகையில் இருக்காது.

1959 இல் வேட் தான் படித்த கல்லூரிக்கே விரிவுரையாளராகத் திரும்பினார். பெண்கள் உடற்கல்விப் பகுதி அவரது பொறுப்பில் வந்தது. எந்த மண்டபத்திலிருந்து தன் அணி வெளியேற்றப்பட்டதோ அந்தக் கல்லூரியில், பதினான்கு ஆண்டுகள், அணி என்ற ஒன்று இல்லாமலேயே அவர் பெண் பிள்ளைகளுக்கு உடற்கல்வி கற்பித்துக்கொண்டிருந்தார்.

மீண்டும் ஓர் அணி

இதற்கிடையில் காலம் மாறிக்கொண்டிருந்தது. பிரிக்கப்பட்ட களத்தில் ஆறு பேர் ஆடும் பழைய பெண்கள் விதி 1971 இல் கல்லூரிகளில் கைவிடப்பட்டது. ஆண்களைப் போல ஐவர் முழுக் களத்திலும் ஓடி ஆடலாம் என்றாயிற்று. அதே ஆண்டில் கல்லூரிப் பெண்களின் விளையாட்டுகளை நடத்த அவர்களுக்கென ஒரு தனிச் சங்கம் அமைந்தது. 1972 இல் ஒன்பதாம் தலைப்பு என்று அறியப்படும் சட்டம் வந்தது. மத்திய அரசின் பணத்தைப் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பெண் என்ற காரணத்தால் எவருக்கும் வாய்ப்பை மறுக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

டெல்ரா ஸ்ரேற்றின் தலைவராக இருந்த ஓப்ரி லூகாஸ் 1973 இல் பெண்கள் கூடைப்பந்தாட்டத்தை மீண்டும் தொடங்க முடிவு செய்தார். பொறுப்பை ஏற்குமாறு வேட் அம்மையாரைக் கேட்டார். ஓய்வை எண்ணத் தொடங்கும் வயதில் அவர் அதை ஏற்றுக்கொண்டார். அவர் கடைசியாக ஓர் அணியைப் பயிற்றுவித்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. முழுக் களத்தில் ஐவர் ஆடும் முறையில் அவர் பெண்கள் அணியொன்றை நடத்தியதே இல்லை.

முதற் பருவகாலத்தில் அணி 16 போட்டிகளில் வென்று 2 இல் தோற்றது. இரண்டாவது பருவகாலமான 1974-75 இல் 28 போட்டிகள் ஆடி, ஒன்றிலும் தோற்கவில்லை. தேசிய இறுதிப் போட்டியில் எதிர்கொண்டது பிலடெல்பியா நகருக்கு அருகிலுள்ள இமாகுலாற்றா கல்லூரியை. அருட்சகோதரிகள் நடத்திய அந்தச் சிறிய கத்தோலிக்கப் பெண்கள் கல்லூரி அதற்கு முந்திய மூன்று ஆண்டுகளும் தேசியச் சம்பியன். தம் மாணவிகளுக்கு உற்சாகமூட்ட அச்சகோதரிகள் தகர வாளிகளைத் தட்டி ஆரவாரிப்பது நாடறிந்த செய்தி. அன்று வாளிச் சத்தத்தையும் மீறி டெல்ரா ஸ்ரேற் 90க்கு 81 என்று வென்றது.

1976 இல் மீண்டும் அதே இரு கல்லூரிகள் இறுதிப் போட்டியில் சந்தித்தன. இம்முறை 69க்கு 64. 1977 இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தை 68க்கு 55 என்று தோற்கடித்து மூன்றாவது பட்டத்தையும் பெற்றார்கள். இடையே தொடர்ந்து 51 போட்டிகளில் தோல்வியின்றி ஆடிய சாதனையும் அவ்வணிக்கு உண்டு. 1932 இல் இளம் பெண்களுக்குக் கடுமையானது என்று கைவிடப்பட்ட அதே ஆட்டத்தினால்தான் அந்தச் சிறிய ஊரின் பெயரை முழு நாடும் அறிந்தது.

வாசல் திறந்தபோது உள்ளே வந்தவர்

இந்த வெற்றியில் இன்னொரு கதையும் அடங்கியுள்ளது. அதைச் சொல்லாமல் விட்டால் வேட் அம்மையாரின் கதை பாதிக் கதையாகவே இருக்கும்.

வேட் மாணவியாக இருந்த கல்லூரியிலும், அவர் பயிற்றுவித்த உயர்நிலைப் பாடசாலையிலும் அக்காலத்தில் வெள்ளையினத்தவர் மட்டுமே படிக்கலாம். சுற்றியிருந்த பருத்தி வயல்களில் உழைத்த கறுப்பின மக்களின் பிள்ளைகள் அவ்வாசல்களை மிதிக்க முடியாது. டெல்ரா ஸ்ரேற்றில் கறுப்பின மாணவர்கள் சேர முடிந்தது 1960களின் பிற்பகுதியிலேதான்.

1973 இல் வேட்டின் புதிய அணியில் சேர்ந்தவர்களுள் லூசியா ஹரிஸ் ஒருவர். மின்ரர் சிற்றி என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பதினொரு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தவர். உயரம் ஆறடி மூன்று அங்குலம். அணியில் இருந்த ஒரே கறுப்பினப் பெண். வளையத்தின் அருகே அவரிடம் பந்து போய்விட்டால் தடுப்பார் இல்லை. அவருக்குப் பந்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களுள் ஒருவரான டெபி புரொக்கின் உயரம் நான்கடி பதினொரு அங்குலம். இத்தனை வேறுபட்ட பிள்ளைகளை ஒரே அணியாக நின்று ஆடச் செய்தது வேட்டின் பயிற்சி.

1976 இல் மொன்றியல் ஒலிம்பிக்கில் பெண்கள் கூடைப்பந்தாட்டம் முதன்முறையாக இடம்பெற்றது. ஒலிம்பிக் வரலாற்றில் பெண்களுக்கான முதற் கூடையைப் போட்டவர் லூசியா ஹரிஸ். அமெரிக்க அணி வெள்ளிப் பதக்கம் பெற்றது. அடுத்த ஆண்டு ஆண்களின் தொழில்முறை அணியான நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் தன் வீரர் தெரிவில் அவரது பெயரையும் அறிவித்தது. ஆனால் பெண்களுக்கென நிலையான தொழில்முறைப் போட்டி அன்று அமெரிக்காவில் இருக்கவில்லை. இன்றிருப்பது போன்ற வாழ்வு அவருக்குக் கிடைக்கவில்லை. 2022 இல் அவர் காலமானார்.

இருவரின் கதையும் ஒரே கல்லூரியில் சந்திக்கிறது. பெண் என்பதால் ஒருவருக்கு அங்கே பந்து மறுக்கப்பட்டது. நிறத்தின் பெயரால் இன்னொருவரின் பெற்றோர் தலைமுறைக்கு அதே கல்லூரியின் வாசலே மறுக்கப்பட்டிருந்தது. இரண்டு தடைகளும் நீங்கிய பின்னரே அந்த மூன்று கிண்ணங்களும் வந்தன. முதலாவது தடை மட்டும் நீங்கியிருந்தால் அவை வந்திருக்குமா என்பது ஐயமே.

பின்வந்த பெருமைகள்

1979 இல் வேட் அம்மையார் பயிற்றுநர் பணியிலிருந்து விலகினார். ஆறு பருவகாலங்களில் கல்லூரி அணி 157 வெற்றிகளையும் 23 தோல்விகளையும் கண்டிருந்தது. அவர் பணியில் இருக்கும்போதே, 1978 இல், ஆண்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்தாட்ட வீராங்கனைக்கு வேட் விருது என்ற பெயரில் ஒரு விருது நிறுவப்பட்டது. அது இன்றும் வழங்கப்படுகிறது.

1985 இல் ஸ்பிரிங்பீல்ட் நகரிலுள்ள கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபம் முதன்முறையாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு சேர்க்கப்பட்ட பெண்கள் மூவர். ஒருவர் ஆட்டத்தைப் பெண்களுக்குக் கொண்டுவந்த செண்டா பெரன்சன். அவர் 1954 இலேயே காலமாகிவிட்டார். மற்றொருவர் ஒக்லஹோமா மாநிலத்தின் ஒரு கிராமப் பாடசாலையில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் பெண்கள் அணியைப் பயிற்றுவித்த பேர்தா ரீக். மூன்றாமவர் மார்கிரட் வேட். மூவரும் ஆசிரியைகள். முதல் மரியாதை அவர்களுக்குச் சென்றது பொருத்தமே. நட்சத்திர வீராங்கனைகள் உருவாவதற்கு முன்னர் ஆட்டத்தை உயிரோடு வைத்திருந்தவர்கள் இவர்கள் போன்றோரே.

1995 ஆம் ஆண்டு பெப்ரவரி 16 ஆம் திகதி, தனது 82 ஆவது வயதில் வேட் அம்மையார் காலமானார். அதற்கு முன்னரே டெல்ரா ஸ்ரேற் பெண்கள் அணி 1989, 1990, 1992 ஆகிய ஆண்டுகளில் தன் பிரிவில் மேலும் மூன்று தேசியப் பட்டங்களை வென்றிருந்தது. அவர் மீண்டும் ஏற்றிய விளக்கு அவர் விலகிய பின்னரும் எரிந்தது.

பழைய மாணவியர்க்கு

உலகின் எந்த மூலையில் இருந்து இம்மலரைப் புரட்டினாலும், எம்மில் பலருக்கு மைதானத்தைப் பற்றி ஒரு நினைவு இருக்கும். இல்ல விளையாட்டுப் போட்டியின் கொடிகள், அஞ்சலோட்டத்தில் கை நழுவிய தடி, வலையின் விளிம்பில் சுற்றிச் சுற்றி வெளியே விழுந்த பந்து. அத்தோடு அந்த மைதானத்தை விட்டு எப்போது வந்தோம் என்ற நினைவும் இருக்கும். பலர் கல்லூரியை விட்டுச் செல்லும் முன்னரே மைதானத்தை விட்டுவிட்டோம். சாதாரணதரப் பரீட்சை வருகிறது, ரியூசன் இருக்கிறது, வெயிலில் கறுத்துவிடுவாய், பெரிய பிள்ளையாகிவிட்டாய், இனி என்ன ஓட்டம் என்றார்கள். சொன்னவர்கள் யாரும் எமக்குப் பகைவர் அல்லர். அம்மாவும் அம்மம்மாவும் பெரியம்மாவும்தான். 1932 இல் அந்தக் கல்லூரி சொன்னதும் இதே அக்கறையில்தான்.

அக்கறையின் பெயரால் மூடப்படும் கதவைத் திறப்பதுதான் கடினம். கோபத்தோடு மூடப்பட்டால் எதிர்த்துப் பேசலாம். அன்போடு மூடப்பட்டால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். வேட் வீட்டுக்குப் போகவில்லை. அந்தக் கோபத்தைச் சீருடையோடு எரித்துவிட்டு, ஆட்டத்தை மட்டும் தன்னோடு எடுத்துச் சென்றார். எவரும் கவனிக்காத ஒரு நகரில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிறர் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். கல்லூரி மனம் மாறிய நாளில் அவர் ஆயத்தமாக இருந்தார்.

நூற்றாண்டு நிதிக்கு நாம் அனுப்பும் பணத்தில் கட்டடம் எழும், கணினிக்கூடம் வரும், நல்லதுதான். மைதானத்துக்கும் அதில் ஒரு பங்கு போகட்டும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பாடசாலை வாசலில் நின்று படம் எடுப்பதோடு திரும்பிவிடாமல், மாலை நான்கு மணிக்கு மைதானத்தின் பக்கம் போய்ப் பார்ப்போம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அங்கே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம். எண்ணிக்கை குறைவாக இருந்தால் ஏன் என்று கேட்கும் உரிமை எமக்கு உண்டு. டெல்ரா ஸ்ரேற் கல்லூரிக்குப் பறிபோன பந்தை மீட்டுத் தந்தவர் வெளியிலிருந்து வந்த ஒருவர் அல்லர். அவர் அக்கல்லூரியின் பழைய மாணவி.